சந்தனம் இறக்கிய கட்டடம்

எங்கள் தாராவிச் சங்கத்தின் ஆண்டு மலருக்கு எழுதச் சொல்லி இரண்டு பேர் வீட்டுக்கு வந்திருந்தார்கள். "புல்லட் ட்ரெயின் வேலையில இருந்து ரிட்டயர் ஆன ஆளு நம்ம ஏரியாவுல நீங்க ஒருத்தருதான் அண்ணாச்சி, நாலு பக்கம் எழுதித் தாங்க" என்றார்கள். சரி என்று தலையாட்டினேன். காப்பி குடித்துவிட்டு எழுந்திருக்கும்போது அதில் ஒருவர் மெதுவாக, "அது இருக்கட்டும், வண்டி எப்ப ஓடும்?" என்று கேட்டார்.

இதைக் கேட்காத ஆள் தாராவியில் கிடையாது. சலூனில் கேட்பார்கள், ரேஷன் கடை வரிசையில் கேட்பார்கள். பல் பிடுங்கப் போன இடத்தில், வாயில் பஞ்சை அடைத்து வைத்துவிட்டு டாக்டர் கேட்டார். எல்லோருக்கும் இங்கேயே சேர்த்துப் பதில் சொல்லிவிடுகிறேன். நான் வண்டி ஓட்டுகிறவன் இல்லை, டிக்கெட் கிழிக்கிறவனும் இல்லை. நான் மட்டம் பார்க்கிறவன்.

இந்த வார்த்தையால் பட்ட பாடு கொஞ்சமில்லை. எனக்குப் பெண் பேசப் போனபோது, மாப்பிள்ளைக்கு என்ன வேலை என்று கேட்டிருக்கிறார்கள். என் சித்தப்பா பெருமையாக, "மட்டம் பாக்குத வேலை" என்றிருக்கிறார். என் மாமனாருக்குக் காது கொஞ்சம் மந்தம். "மட்டம் போடுதது ஒரு வேலையா?" என்று எழுந்துவிட்டாராம். முப்பத்தாறு வருஷ வேலையில் நான் மட்டம் போட்ட நாட்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். ஆனாலும் என் மனைவி என் பெயரைச் சொல்லி, "இசக்கிமுத்து மட்டம் போட்டாரா?" என்றுதான் இன்றைக்கும் கேட்பாள்.

மட்டம் பார்ப்பது என்றால், ஒரு கட்டடமோ பாலமோ நேற்று இருந்த உயரத்தில்தான் இன்றும் இருக்கிறதா என்று அளந்து சொல்வது. அசையாத ஓர் இடத்தில் பித்தளைக் குமிழ் ஒன்றைக் கான்கிரீட்டில் பதித்திருப்போம். அதற்குப் பெஞ்ச்மார்க் என்று பெயர். அதன்மேல் ஸ்டாஃப் என்கிற நெடிய அளவுகோலை ஒருவர் நிமிர்த்திப் பிடிப்பார். நடுவே முக்காலியில் நிற்கும் கருவி வழியாக நான் பார்ப்பேன். பிறகு அதே அளவுகோலைக் கட்டடத்தில் பதித்திருக்கும் குமிழ்களின்மேல் வைத்துப் பார்ப்பேன். கழித்துப் பார்த்தால் எது எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று தெரிந்துவிடும். கேட்டால் இவ்வளவுதானா என்று தோன்றும். எனக்கும் முதல் வாரம் அப்படித்தான் தோன்றியது.

செம்பூரில் படித்தேன். சர்வேயர் சான்றிதழ் வாங்கிய பிறகும் நாலு வருஷம் அளவுகோல் பிடிக்கிற ஆளாகத்தான் இருந்தேன். கழிமுகப் பாலங்கள், மேம்பாலங்கள், பிறகு மெட்ரோ தூண்கள் என்று ஊரெல்லாம் வெயிலில் நின்றதில் என் இடது காது மட்டும் அதிகம் கறுத்துப் போனது. அதைப் பற்றி இதற்குமேல் எழுத ஒன்றுமில்லை.

அதிவேக ரயில் வேலைக்கு வந்தபோதுதான் நான் அதுவரை செய்தது பாதி வேலை என்று தெரிந்தது. முதலில் குஜராத் பக்கம், வயல்களுக்கு மேலே பாலம் பாலமாகப் போகிற பகுதியில் போட்டார்கள். அங்கே தண்டவாளத்துக்குக் கீழே ஜல்லி கிடையாது. கான்கிரீட் படுகைமேல் கான்கிரீட் பலகைகளைப் பதித்து அவற்றில் தண்டவாளத்தைப் பொருத்திவிடுவார்கள். ஜல்லியாக இருந்தால் பிறகு கொத்திச் சரி செய்துகொள்ளலாம், இதில் அந்தப் பேச்சே இல்லை. ஒருநாள் ஒரு படுகை எங்கள் அளவில் ஒரு நகத்தின் கனம் உயர்ந்து நின்றது. ஒப்பந்தக்காரரின் எஞ்சினியர், "நகத்து கனத்துக்கா உடைக்கச் சொல்றீங்க?" என்று இந்தியில் சிரித்தார். நான் கணக்குத் தாளை நீட்டினேன். மூன்று நாள் உடைத்து மறுபடி போட்டார்கள். அந்த மூன்று நாளும் அவர் என்னோடு டீ குடிக்கவில்லை. நான் தனியாக நன்றாகவே குடித்தேன்.

அங்கேதான் பார்வதி மேடத்தின் கீழ் வந்து சேர்ந்தேன். மாட்டுங்காவில் மூன்று தலைமுறையாக இருக்கும் பாலக்காட்டுக் குடும்பம். என்னைவிடப் பத்து வயது இளையவர். கண்காணிப்புப் பிரிவு முழுக்க அவர் பொறுப்பு. அவர் பேசும் தமிழும் நான் பேசும் தமிழும் இரண்டு தனித்தனி ஊர் வண்டிகள். முதல் நாள் நான் "சொல்லுதேன் மேடம்" என்றதற்கு, "எப்போ சொல்லப் போறேள்?" என்று காத்துக்கொண்டிருந்தார். சொல்லிக்கொண்டிருக்கிறேன் என்று புரியவைக்கச் சற்று நேரமாயிற்று.

அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. ஓர் அளவைக் கொண்டுபோய்ச் சொன்னால் 'நிச்சயமா?' என்று கேட்க மாட்டார். "எத்தனை தடவை?" என்று கேட்பார். மூன்று தடவை என்றால்தான் நிமிர்ந்து பார்ப்பார். இயந்திரம் தானே எண்ணைப் பதிந்துகொண்டாலும், சந்தேகம் வந்தால் வெள்ளைத் தாளில் வரிசையாகக் கையால் எழுதச் சொல்வார். "ஸ்க்ரீன்ல பாத்தா ஒண்ணொண்ணாத் தெரியும். எழுதினாத்தான் சேர்ந்து தெரியும்" என்பார். எனக்கு அது வெட்டி வேலையாகத்தான் பட்டது. ஒருநாள் அதுவே என்னைக் காப்பாற்றியது.

குஜராத்திலிருந்து எங்களைச் சுரங்க வேலைக்கு மாற்றினார்கள். பாந்த்ரா பக்கமிருந்து கிளம்பும் வழி மண்ணுக்கடியில் போய், கழிமுகத்துக்கும் கீழே புகுந்து, நவி மும்பையைத் தாண்டித்தான் வெளிச்சத்துக்கு வருகிறது. கோபர்கைரனேக்கு அப்பால் முழுக்கப் பாறை. அங்கே துளை போட்டு, வெடி அடைத்து, உடைத்து உடைத்துத்தான் முன்னேறினார்கள். கடைசிப் பாறை விழுந்து மறுபக்கத்து ஆட்களின் தலைவிளக்குகள் புழுதிக்குள் தெரிந்த அன்று நானும் கீழே நின்றேன். வாய்விட்டு அழுதேன், வெட்கப்படவில்லை. எல்லோரும் அன்றைக்கு எடுத்த போட்டோவைத்தான் கேட்கிறார்கள். ஆனால் எதை நினைத்து மார்பு நிமிர்கிறது என்று என்னைக் கேட்டால், அது வேறொரு நாள். அன்றைக்கு நான் ஒரு தப்பு செய்திருந்தேன்.

கோபர்கைரனேக்கு அப்பால், சுரங்கம் போகும் தடத்துக்கு மேலே ஒரு நாலு மாடிக் கட்டடம். கீழ்த்தளத்தில் காதர் பாய் ஸ்கூல் பை தைக்கும் பட்டறை வைத்திருந்தார், மூன்றாம் மாடியில் குடியிருந்தார். எங்கள் ஊர்ப்பக்கத்துக் கடையநல்லூர்க்காரர். தாராவியில் வாடகை கட்டுப்படியாகாமல் நவி மும்பைக்குப் போனவர். அந்தக் கட்டடத்திலும் சந்திலுமாகப் பதினான்கு குமிழ்கள் பதித்து, தினமும் காலையில் போய் அளப்போம். பட்டறை வாசலில் நின்றபடி பாய் கேட்பார்:

"என்ன அண்ணாச்சி, நம்ம வீடு எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு பாய்."

"நீரு வேற என்னத்தச் சொல்லுவீரு? அவங்கதான உமக்குச் சம்பளம் தாறாங்க."

சிரித்துக்கொண்டேதான் சொல்வார். ஆனால் வேடிக்கைக்காகச் சொல்லவில்லை என்பது எனக்குத் தெரியும். கீழே வெடிக்கும்போது மேலே பாத்திரம் அதிரும். அந்த அதிர்வில் குடும்பத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் மனிதர், எவனோ ஒருவன் காட்டும் எண்ணை எதற்காக நம்ப வேண்டும்? நியாயம் அவர் பக்கம்தான். இருந்தாலும் எனக்கு வலித்தது. என் வேலையே என் சொல்தான். அதை ஊர்க்காரர் ஒருவரே வாங்க மாட்டேன் என்றால், பிறகு நான் எதற்கு?

அந்த வருஷம் ஆயுத பூஜை வந்தது. காலையில் அளந்து முடித்ததும் கருவிகளைத் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைத்து, பொரி கடலை வைத்துக் கும்பிட்டோம். எனக்கு ஒரு பழக்கம் உண்டு. கருவி வெறும் கண்தான், உண்மை இருப்பது பெஞ்ச்மார்க்கில் என்று நினைக்கிறவன் நான். அதனால் அதன் இரும்பு மூடியைத் திறந்து, பித்தளைக் குமிழின் உச்சியிலும் கெட்டியாக ஒரு சந்தனப் பொட்டு வைத்து, அதன்மேல் குங்குமம் இட்டேன். எல்லா வருஷமும் செய்வதுதான். மறுநாள் காலையில் முதல் வேலையாக அதைத் துடைத்துவிடுவேன்.

அந்த மறுநாள் தசரா. மகாராஷ்டிரத்தில் நல்ல காரியம் தொடங்கும் நாள் என்பதால் சுரங்கத்தில் ஒரு புதுப் பகுதிக்கு அன்று வெடி வைக்க ஏற்பாடு. சீக்கிரம் அளவு வேண்டும் என்று போன் மேல் போன். நான் நேரே போய் முக்காலியை நிறுத்தினேன். பெஞ்ச்மார்க்கில் அளவுகோலைப் பிடிக்கச் சகாராம் போனார். தேவ்நாரிலிருந்து வருகிறவர், பன்னிரண்டு வருஷமாக என்னோடு இருப்பவர், என் வயதுக்காரர். துடைக்க வேண்டும் என்பது எனக்கு மறந்தே போனது.

அளவுகளைக் கழித்துப் பார்த்தேன். கட்டடம் இரண்டு மில்லிமீட்டருக்குமேல் இறங்கியிருந்தது. அத்தனை மாதத்தில் கால் மில்லிமீட்டர்கூட அசையாத கட்டடம். மறுபடி அளந்தேன், அதே எண். மூன்றாம் தடவையும் அதேதான். ஒரே ராத்திரியில் இவ்வளவு இறங்கினால் என்ன செய்ய வேண்டும் என்பதில் யோசிக்க இடமே கிடையாது. போன் செய்தேன். கீழே வெடியை நிறுத்தினார்கள், மேலே கட்டடத்தைக் காலி செய்யச் சொன்னார்கள்.

பதினாறு குடும்பம். நானே மாடி மாடியாக ஏறிக் கதவைத் தட்டினேன். அரைத்த மாவை அப்படியே விட்டுவிட்டு வந்தவர்கள் உண்டு, தசராவுக்குக் கட்டிய தோரணத்தைத் தலையால் இடித்துக்கொண்டு ஓடி வந்தவர்கள் உண்டு. காதர் பாயின் மகள் ஜமீலாவுக்குப் பிள்ளை பிறந்து ஐந்து நாள்தான் ஆகியிருந்தது. அவளை நாற்காலியில் உட்கார வைத்து இரண்டு பேர் தூக்கி இறக்கினார்கள். குழந்தையைத் துணியில் சுற்றிப் பாய் வைத்திருந்தார். என்னைப் பார்த்தார். குழந்தையின் தலையைத் துணியால் மூடிக்கொண்டார். 

மேடம் செம்பூர் ஆபீஸிலிருந்து கழிமுகப் பாலம் தாண்டி வந்து சேர்ந்தார். சுரங்கத்திலிருந்து அவருக்குப் போன் ஓயவில்லை. துளைகளில் வெடி அடைத்தாகிவிட்டது, நெடுநேரம் அப்படியே வைத்திருக்க முடியாது. அவர் போனைக் காதிலிருந்து எடுக்காமலே என்னிடம், "எத்தனை தடவை?" என்றார்.

"மூணு தடவை மேடம்."

"எழுதிக் காட்டுங்கோ."

ஜீப்பின் பானட்மேல் தாளை வைத்து எழுதினேன். முதல் குமிழ், இரண்டு புள்ளி ஒன்று. அடுத்தது, இரண்டு புள்ளி ஒன்று. அதற்கடுத்தது, இரண்டு. ஏழாவது எழுதும்போது கை தயங்கியது. பதினான்காவது குமிழ் சந்தின் கடைசியில், தண்ணீர்த் தொட்டிச் சுவரில் இருக்கிறது. சுரங்கத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. அதுவும் இரண்டு புள்ளி ஒன்று.

பூமி அப்படி இறங்காது. சுரங்கத்துக்கு நேர் மேலே அதிகம் இறங்கும், தள்ளிப் போகப் போகக் குறையும். எல்லாம் ஒரே அளவு இறங்கியிருக்கிறது என்றால் எதுவுமே இறங்கவில்லை, அளக்கத் தொடங்கிய இடத்தில்தான் ஏதோ கோளாறு. அந்த நிமிஷம் எனக்குச் சந்தன வாசனையே வந்துவிட்டது.

ஓடிப் போய் மூடியைத் திறந்தேன். குமிழின் உச்சியில் சந்தனம் வில்லையாகக் காய்ந்து, குங்குமம் கலையாமல் இருந்தது. சகாராமைப் பார்த்தேன்.

"ஆப்னே லகாயா தா நா அண்ணாச்சி," என்றார் அவர். "தசரா கா தின் ஹை. மை கைசே போச்சூ?"

நான் வைத்த சாமிப் பொட்டை, அதுவும் தசரா அன்று, தான் எப்படித் துடைப்பது என்று கேட்கிறார். அது கலையாதபடி அளவுகோலைப் பூப்போல அதன்மேல் வைத்துப் பிடித்திருக்கிறார். மூன்று தடவையும். அவருடைய பக்தியில் ஒரு குறையும் இல்லை. சந்தனத்தின் கனத்துக்கு அளவுகோல் உயர்ந்தது, என் கணக்கில் ஊரே இறங்கிவிட்டது.

இப்போது ஓர் உண்மையைச் சொல்ல வேண்டும். என் கட்டைவிரல் அந்தப் பொட்டின்மேல் போய்விட்டது. ஒரு தேய்ப்பு, அவ்வளவுதான். மறுபடி அளந்தால் எல்லாம் சரியாகிவிடும். கருவியில் ஏதோ கோளாறு என்று எழுதினால் முடிந்தது, யாருக்கும் தெரியாது. சொன்னாலோ, இத்தனை மாதம் நான் சொன்ன எண்களெல்லாம் என்ன ஆகும்? ஏற்கெனவே நம்பாத மனிதர் முகத்தில் எப்படி விழிப்பேன்? பிள்ளை பெற்ற பச்சை உடம்புக்காரியை ஒரு சந்தனப் பொட்டுக்காக நடுத்தெருவில் இறக்கினேன் என்று எந்த வாயால் சொல்வது?

விரலை எடுத்துக்கொண்டேன். அதற்குப் பெரிய காரணம் ஒன்றும் இல்லை. அதைத் தேய்த்துவிட்டால் நாளைக்கு நானே என் எண்ணை நம்ப மாட்டேன் என்று தோன்றியது. "மேடம், இங்க கொஞ்சம் வாங்க" என்று கூப்பிட்டேன்.

அவர் குனிந்து பார்த்தார். கோபம் வரும் என்று நின்றேன். அவர் போட்டோ எடுத்தார். பிறகு பெட்டியிலிருந்து சுவர் விரிசல் அளக்கும் காலிப்பரை எடுத்துவரச் சொல்லி, வில்லையை உடையாமல் பெயர்த்து அதன் கனத்தை என்னையே அளக்க வைத்தார். இரண்டு புள்ளி ஒன்று. குமிழைத் துடைத்து மறுபடி பதினான்கையும் அளந்தோம். பிறகு சாலைக்கு அந்தப் பக்கம் இருந்த இன்னொரு பெஞ்ச்மார்க்கிலிருந்தும் அளந்தோம். கட்டடம் முந்தின நாள் நின்ற உயரத்திலேயே நின்றது.

"எக்விப்மென்ட் எரர்னு எழுதட்டுமா மேடம்?" என்று கேட்டேன். அத்தனைக்குப் பிறகும் கேட்டேன்.

"எக்விப்மென்ட் என்ன பண்ணித்து?" என்றார். "நடந்ததை எழுதுங்கோ. கீழ நான் கையெழுத்துப் போடறேன். ஆனா அவாகிட்டே நான் சொல்ல மாட்டேன், நீங்கதான் சொல்லணும்."

பதினாறு குடும்பத்துக்கு முன்னால் போய் நின்றேன். தமிழில் ஒரு தடவை, இந்தியில் ஒரு தடவை சொன்னேன். வில்லையைத் தாளில் வைத்துக் காட்டினேன். முதலில் யாருக்கும் புரியவில்லை. புரிந்ததும் ஒரு பெண் சிரித்துவிட்டாள், அவள் மாமியார் அதட்டினார். இரண்டாம் மாடிக்காரர் ஒருவர் முன்னால் வந்து, "இன்றைக்குத் தப்பு என்றால், இத்தனை நாள் சொன்னது மட்டும் சரி என்று எப்படி நம்புவது?" என்று இந்தியில் கேட்டார். நான் பயந்த கேள்வி அதுதான்.  "தப்பு செய்தது நான். இன்றைக்கே அதைச் சொல்கிறேன். இதற்குமேல் என்னிடம் காட்ட ஒன்றும் இல்லை" என்றேன். 

காதர் பாய் குனிந்து அந்த வில்லையைப் பார்த்தார்.

"ஒரு பொட்டுக்கு எங்களத் தெருவுல நிறுத்திட்டீரு வே," என்றார் கடைசியில்.

"ஆமா பாய்."

"துடைச்சிப் போட்டிருந்தா எங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

அவர் இரண்டாம் மாடிக்காரர் பக்கம் திரும்பினார். "சலோ, ஊபர் ஜாதே ஹைன்" என்றார், மேலே போகலாம் என்று. பிறகு என் பக்கம் வந்தார்.

"நல்லா இருக்கு, நல்லா இருக்குன்னு நீரு சொன்ன ஒரு நாளும் எனக்கு உறக்கம் வந்ததில்ல அண்ணாச்சி. கெட்டுப் போச்சுன்னா சொல்லுவாரா மாட்டாரான்னே கெடப்பேன். இனிமே ஒறங்குவேன். இந்தாரும், பிள்ளையப் பிடியும். நான் அவளத் தூக்கணும். பாத்து ஏறும், மூணாவது மாடி."

குழந்தையை என் கையில் வைத்துவிட்டு மகளின் நாற்காலியைப் பிடிக்கப் போய்விட்டார். நான் எத்தனையோ கருவிகளைத் தூக்கியிருக்கிறேன். அவ்வளவு பதறி எதையும் தூக்கியதில்லை. நானே காலி செய்யச் சொன்ன கட்டடத்துக்குள் அந்தப் பிள்ளையோடு நான்தான் முதலில் ஏறினேன். பின்னால் மற்றவர்கள் ஏறும் சத்தம் கேட்டது.

கொஞ்ச நேரத்தில் சுரங்கத்தில் வெடிக்கு முந்தைய சங்கு ஊதியது. கீழே வெடித்தபோது உள்ளங்காலில் ஒரு தட்டு, அலமாரியில் தம்ளர்கள் ஒன்றோடொன்று உரசின. பிள்ளை கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மறுபடி மூடிக்கொண்டது. நான் ஜன்னலுக்குப் போனேன். தெருவில் பார்வதி மேடமே கருவிக்குக் குனிந்து அளந்துகொண்டிருந்தார். குமிழ்களின்மேல் சகாராம் ஒவ்வொன்றாக அளவுகோலைப் பிடித்தார். கடைசிக் குமிழும் முடிந்ததும் மேடம் நிமிர்ந்து ஜன்னலைப் பார்த்தார். உள்ளங்கையைக் கீழே பார்க்க வைத்து, கையை மட்டமாக நீட்டிக் காட்டினார்.

"என்னவாம்?" என்றார் காதர் பாய்.

"அசையல பாய்."

அவர் எழுந்து வந்து ஜன்னலில் பார்க்கவில்லை, இன்னொரு கேள்வி கேட்கவில்லை. பட்டறைச் சாவியை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினார். நான் பிள்ளையை ஜமீலாவின் பக்கத்தில் படுக்க வைத்தபோது, கீழே தையல் மெஷின்கள் ஓடத் தொடங்கியிருந்தன.